எஸ் லிமிடெட்டுக்குப் பெயர் வைத்த அக்கா

நடந்தது, வரிசைப்படி:

1. கணக்கியல் தேர்வின் விடைத்தாளில் நான் சுசீலா என்ற பெயரை எழுதிவிட்டேன். ஒரு இடத்தில் அல்ல, பக்கத்துக்குப் பக்கம்.
2. சுசீலா என்று யாரும் கிடையாது.
3. விடைத்தாளுக்குள் ஆள் பெயர் எழுதினால், அடையாளம் காட்டியதாகச் சொல்லித் தாளையே செல்லாததாக்கலாம் என்பது விதி.
4. விதி எனக்குத் தெரியும். அலமாரிக் கதவில் ஒட்டியே வைத்திருந்தேன்.
5. எல்லாவற்றுக்கும் காரணம் ஹோல்டிங் அக்கா.

தில்லியில் கம்பெனியை வாங்கியவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு, மூழ்கடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. ஒரு கம்பெனியை நினைத்து ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்ன ஆள் இந்த ஊரிலேயே ஹோல்டிங் அக்கா ஒருவர்தான். அதுவும் பாடப்புத்தகத்துக் கணக்கில் வருகிற கம்பெனி.

முனிர்காவில் நானும் அக்காவும் பகிர்ந்துகொண்ட ஒரு மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு கீஸர். நான் படித்தது இன்ஜினியரிங். குருகிராமில் கணக்கு மென்பொருள் செய்யும் ஆபீஸில் வேலை. "குழுமக் கணக்கு பேப்பரை பாஸ் பண்ணினால் புது டீமில் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் டெஸ்டிங்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். டெஸ்டிங் என்றால் ஒரே பட்டனை அழுத்தி, அது வேலை செய்கிறது என்று எழுதி, மறுபடியும் அழுத்துவது. அதற்குத் திரும்பிப் போக எனக்கு மனம் இல்லை. அக்கா திருநெல்வேலிக்காரர், ஒரு சின்ன ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தார். எல்லாத் தாளும் முடித்து, இந்த ஒன்றில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்று நின்றுகொண்டிருந்தார். ஏன் நிற்கிறார் என்று நான் குடிவந்த அன்றே விசாரித்திருக்க வேண்டும்.

பாடம் எளிதுதான். ஹோல்டிங் எனப்படும் ஒரு பெரிய கம்பெனி, சப்ஸிடியரி எனப்படும் சில சின்னக் கம்பெனிகளைக் கையில் வைத்திருந்தால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குடும்பத்துக் கணக்காகக் காட்ட வேண்டும். அதில் ஒன்று வெளிநாட்டில் இருந்தால் அந்த ஊர்க் காசை ரூபாய்க்கு மாற்ற வேண்டும். யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அக்கா அதை கீஸரிலிருந்து தொடங்கினார்.

"வாடகை பாதி பாதிதான். ஆனா கீஸர் சுவிட்சு என் ரூம்ல இருக்கு. அப்ப கட்டுப்பாடு யார்ட்ட இருக்கு?"

"பாதி பாதின்னா ஜாயின்ட் வென்ச்சர் அக்கா."

"அது ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தாத்தான். நீ வெந்நில குளிக்கணுமா பச்சத்தண்ணில குளிக்கணுமான்னு நான்லா முடிவெடுக்கேன். நான் ஹோல்டிங் கம்பெனி. நீ சப்ஸிடியரி."

தில்லி டிசம்பரில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. பெயர் நிலைத்துவிட்டது. கீழே மோமோ விற்கிறவர்கூட அக்காவை ஹிந்தியாக்கி "ஹோல்டிங் தீதி" என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்து பெயர் சூட்டு விழா. எங்கள் புத்தகங்களில் வாங்குகிற கம்பெனி எப்போதும் ஹெச் லிமிடெட், வாங்கப்படுவது எஸ் லிமிடெட். தேர்வு எழுதுகிற எல்லோரும் அப்படியேதான் படிக்கிறார்கள். அக்காவுக்கு அது ஒப்பவில்லை.

"ஹெச்சு, எஸ்ஸுன்னா யாருக்குளா மனசுல நிக்கும்? இவன் ஹரிகரன். இவ சுசீலா."

"மனசுல நிக்க வேண்டாம் அக்கா. டேலி ஆனா போதும்."

"ஏளா, ஹரிகரன் நூத்துல அறுபது பங்குதான வாங்கிருக்கான்? சுசீலா சொத்து முழுசையும் தன் கணக்குல காட்டுதான் பாரு."

"மிச்ச நாற்பதைத் தனியா ஒரு வரியில காட்டுவாங்க."

"ஒரு வரில. அச்சா. ஒரு பொம்பளைக்கு மிச்சம் இருக்கது ஒரு வரி."

இதை ஒருவர் வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்கலாம். அக்கா வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் சுசீலாவின் குட்வில்லைக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். குட்வில் என்றால் நற்பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகை. "அவ என்ன தப்பு செஞ்சா?" என்று கேட்டுவிட்டு, செய்துவைத்திருந்த புளிக்குழம்பைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அந்தக் கணக்கையும் போட்டு, குழம்பையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

வெளிநாட்டுக் கிளை வந்ததும் நிலைமை மோசமானது. புத்தகத்தில் மஸ்கட்டில் ஒரு கம்பெனி. அக்கா அதை சுசீலாவின் தங்கை சரோஜா ஆக்கினார். அந்தக் கம்பெனி எந்தப் பணத்தில் சம்பாதித்து எந்தப் பணத்தில் செலவழிக்கிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நான்கு வரியில் முடிகிற விஷயம். அக்கா மஸ்கட்டிலேயே இருக்கிற தன் சித்தி மகளுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஏ, வெண்டைக்கா வாங்கும்போது ரியால்ல நினைப்பியா, ரூவாயில நினைப்பியா?"

"மாமியார் பக்கத்துல இருந்தா ரூவாயில. இல்லன்னா ரியால்ல."

"மாமியார் எத்தனை மாசம் இருப்பாவ?"

அந்த மாலை முழுவதும் மாமியாரின் விசா பற்றியே போனது. சரோஜா ரூபாய்க்கு மாறவே இல்லை.

தேர்வுக்காக நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலாவது அடங்குவார் என்று நினைத்தேன். கையைத் தூக்கி, "சார், சுசீலாவை வித்துட்டா கன்ட்ரோல் போயிடுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். சார் மார்க்கரை மூடினார்.

"மேடம், யே சுசீலா கௌன் ஹை?" யார் இந்த சுசீலா என்கிறார்.

"எஸ் லிமிடெட், சார்."

சார் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் ஒரு பஞ்சாபிப் பையன் எழுந்து சுசீலாவின் குட்வில் எவ்வளவு வந்தது என்று கேட்டான், அதற்கு அவரும் பதில் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அலமாரியில் விதிகளை ஒட்டினேன். முதல் விதி: பெயர் கூடாது. அக்கா நின்று படித்தார். "நல்லா எழுதிருக்க பிள்ளை" என்றார்.

தேர்வன்று நான் அமைதியாகத்தான் இருந்தேன். பெரிய கணக்கு டேலி ஆனது. சரிபார்க்க முதல் பக்கத்துக்குப் போனேன். "சுசீலாவின் நிகர சொத்து" என்று அழகான ஆங்கிலத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அடுத்த பக்கத்தில் சுசீலாவின் லாபம். அதற்கடுத்து சுசீலாவில் மற்றவர்களின் பங்கு. ஒவ்வொன்றாக அடித்து, மேலே எஸ் என்று எழுதினேன். அடித்து முடிப்பதற்குள் மணி அடித்தது. கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை.

வாசலில் அக்காவிடம் சொன்னேன்.

"அடிச்சிட்டல்லா?"

"அடிச்சேன். ஆனா அடியில தெரியுது. நீங்க என்ன எழுதினீங்க?"

"எஸ் லிமிடெட்டுதான். அதையெல்லாம் பரீட்சைல எழுதுவாவளா யாராவது?"

மெட்ரோவில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டெஸ்டிங், பட்டன், அது மட்டும்தான் கண்ணில். அக்கா கீஸரை எனக்காகக் காலையிலேயே போட்டு வைத்தார், நான் கேட்காமலே. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கு பரீட்சை ஆபீஸுக்குப் போனேன்."

"எதுக்கு?"

"ஒரு பிள்ளை தெரியாம பேரு எழுதிட்டா என்ன ஆவும்னு சும்மா கேக்கத்தான் போனேன். அவன் ரோல் நம்பர் கேட்டான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "குடுத்தீங்களா?"

"குடுக்காம எப்படி? கம்ப்யூட்டர்ல விரலை வச்சிட்டு என்னையே பாக்கான்."

"என் நம்பரையா?"

"உன் நம்பர் எனக்கு எதுக்குளா தெரியும்? என்னோடதைக் குடுத்தேன். என் தாள்ல தேடட்டும். பேரே கிடையாது. கேஸ் முடிஞ்சுதா?"

கேஸ் முடியவில்லை. அவர் தாளில் பெயர் இல்லாததுதான் பிரச்சினை. புகார் பதிவாகிவிட்டது, பெயர் அகப்படவில்லை, அகப்படாமல் கோப்பை மூட முடியாது என்றார்கள். எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று நேரில் வந்து காட்டச் சொல்லி அக்காவுக்குத் தகவல் வந்தது. நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "ஒரு தாள் மாட்டுனது போதும். நீ வாயத் திறந்தா ரெண்டும் போவும்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் போட்ட கணக்கு சரியாக இருந்தது.

இப்போதைய நிலை இதுதான். என் முடிவு வந்துவிட்டது. பாஸ். அடித்த சுசீலாக்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. புது டீமில் சேர்ந்துவிட்டேன். அக்காவின் முடிவு இன்னும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வருகிற புதன்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். தனியாகப் போனால் பரீட்சை ஆபீஸ் ஜன்னலில் இவர் வேறு எதையாவது பேசிவிடுவார். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நானும் கூடப் போகிறேன்.