கேன்டீன் சுவரில் இந்தியக் கால்பந்து

இந்தியக் கால்பந்து அணியின் வரலாறும் சாதனைகளும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் டீ நேரத்தில் தொடங்கின. ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த வெளிநாட்டு இயக்குநர் கேன்டீனைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பேர் டீ கிளாஸோடு ஒரு செல்போனைச் சுற்றி முண்டியடிப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். கால்பந்து என்றார்கள். அவருடைய நாடு உலகக் கோப்பைக்குத் தவறாமல் போகிற நாடு. ஆகவே மரியாதைக்கு, உங்கள் நாட்டு அணி என்ன சாதித்திருக்கிறது என்று கேட்டுவைத்தார்.

பக்கத்தில் நின்ற மனிதவளப் பொது மேலாளர் திருநாராயணன் சாருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. அதனால், ஒரு வாரத்தில் அறிக்கை சமர்ப்பிக்கப்படும் என்றார். அவருக்குக் கீழே வேறு ஆள் இல்லாத காரணத்தால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் யதிராஜ், மனிதவளத் துறை உதவி அலுவலர். என்னுடைய பதவி உயர்வு நான்கு வருஷமாகப் பரிசீலனையில் இருக்கிறது.

நான் உண்மையாகவே உழைத்தேன். 1951, 1962 இரண்டு ஆண்டும் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். படிக்கப் படிக்க எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன், கை வலித்ததுதான் மிச்சம். இப்போது உலகத் தரவரிசையில் நூற்று முப்பதைத் தாண்டி எங்கோ நிற்கிறோம்.

அறிக்கை கேன்டீன் சுவர்ப் பலகையிலும் ஏற வேண்டும் என்றார் சார். எங்கள் கம்பெனியில் அந்தப் பலகையில் எது ஏறினாலும் படிவம் ஒன்றுதான்: ஆண்டு, இலக்கு, நடந்தது, நிலை. நிலை என்ற கட்டத்தில் வட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டினால் காரணம் எழுதி, சரிசெய்யும் தேதி குறித்து, பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை.

1950 என்ற வரியில் பிரச்சினை வந்தது. அந்த ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம்மோடு இருந்த மூன்று நாடுகளும் விலகிக்கொண்டன. ஒரு ஆட்டமும் ஆடாமல் நாம் தகுதி பெற்றோம். பிறகு பிரேசிலுக்குப் போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டார்கள் என்பதால் போகவில்லை என்று ஒரு கதை, அதெல்லாம் கிடையாது, அப்போது உலகக் கோப்பையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்று இன்னொரு கதை. நான் நேர்மையாகச் சிவப்பு என்று குறித்திருந்தேன்.

அதைப் பார்த்துவிட்டுத் திருநாராயணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யதி, தகுதி பெற்றமா இல்லையா?"

"பெற்றோம் சார்."

"தோத்தமா?"

"இல்லை சார். போகவே இல்லையே."

"கோல் வாங்கினமா? இல்லை. தோல்வி பூஜ்யம், வாங்கின கோல் பூஜ்யம். உலகத்துலே எந்த டீமுக்கு இப்படி ஒரு ரெக்கார்டு இருக்கு? பச்சை ஒட்டுங்கோ."

ஒட்டினேன். 1964-க்குப் பிறகான காலத்துக்கு 'தற்போதைய நிலை பராமரிக்கப்படுகிறது' என்று எழுதினோம். தரவரிசைக்கு எதிரே 'முன்னேற்றத்துக்கான வாய்ப்பு மிக அதிகம்' என்று வந்தது. பலகை முழுக்கப் பச்சை. இயக்குநர் அதைப் படமெடுத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய மரபு உள்ள நாட்டில் இந்தக் கம்பெனிக்கு ஒரு அணி இல்லையா என்று கேட்டார். அன்று மாலையே அணி அமைக்கப்பட்டது.

அணியில் நிஜமாகவே பந்தாடத் தெரிந்தவன் ஒருவன்தான். பேச்சிராஜ், வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், இரண்டாவது லைனில் ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவனை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புதிய அடையாள அட்டையோடு புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வோம். குன்றத்தூரில் பூமாரி என்ற பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய அப்பா வெங்கடேசன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: பர்மனென்ட் ஆர்டரைக் காட்டு, பத்திரிகை அடிக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட திருநாராயணன் சார் கேன்டீனில் எல்லார் முன்னாலும் அறிவித்தார், தொழிற்சாலைகளுக்கு இடையிலான கோப்பை இங்கே வந்தால் பேச்சிராஜ் பர்மனென்ட் என்று. அன்று அவன் டீயைக்கூடக் குடிக்காமல் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடியதைப் பார்த்தேன்.

பயிற்சிக்குக் கழிவு யார்டுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடம் ஒதுக்கப்பட்டது. முதல் நாளே பாதுகாப்பு அதிகாரி கோதண்டம் விசிலோடு வந்து நின்றார்.

"இன்னா சார் இது, வெறுங்கால்ல நின்னுகினு கீறாங்க? காம்பவுண்டுக்குள்ள சேஃப்டி ஷூ இல்லாம ஒருத்தன் கால் வைக்கக் கூடாது. ரூல் கீது."

இரும்பு மூக்கு வைத்த ஷூவோடு பயிற்சி தொடங்கியது. ஒரு ஷூ ஒரு செங்கல் கனம் இருக்கும். மறுநாள் ஹெல்மெட் வந்தது, அதற்கு மறுநாள் மின்னும் பச்சைச் சட்டை. தலையால் பந்தை முட்டுவது தலையில் பொருள் விழும் அபாயத்தில் சேர்க்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டது. கோல்கீப்பர் பாய்ந்து விழுவதற்கு முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், எந்தப் பக்கம் விழப் போகிறார் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்றார்கள். பேச்சிராஜ் ஷிப்ட் முடிந்து, கால் கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு, அந்த ஷூவிலேயே ஓடினான். மூன்றாவது வாரம் அதிலேயே நாலு பேரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். அதைப் பார்த்து என்னை அறியாமல் கைதட்டினேன், கோதண்டம் சாரும் விசிலை மறந்துவிட்டார்.

போட்டி தொடங்கியது. எங்கள் பிரிவில் எங்களோடு மோத வேண்டியவை மூன்று கம்பெனி. முதலாவதுக்கு மாதக் கடைசி டெலிவரி, வர முடியவில்லை. இரண்டாவதில் ஆடிட். மூன்றாவதில் ஆட்டக்காரர்கள் பதினோரு பேரும் கான்ட்ராக்ட், அந்த வாரம் பார்த்துப் பதினோரு பேரையும் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். ஒரு பந்தும் உதைக்காமல் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். தலைமை அலுவலகத்திலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. திருநாராயணன் சார் குடும்பத்தோடு வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியம் அவர் என்னையும் பேச்சிராஜையும் அறைக்கு அழைத்தார். மேஜை மேல் என்னுடைய அறிக்கை இருந்தது.

"நாளைக்கு நாம போகலை" என்றார்.

பேச்சிராஜ் என்னைப் பார்த்தான். நான் அறிக்கையைப் பார்த்தேன்.

"சார், கப்பு வந்தா பர்மனென்டுன்னு சொன்னியள்லா? ஒரே ஒரு மேட்ச்சுதான சார். ஆடிட்டு வந்துருதோம்."

"ஆடினா தோக்கலாம் இல்லையா? இப்ப நம்ம ரெக்கார்டு என்ன? தோல்வி பூஜ்யம். ஹெட் ஆபீஸ் வரைக்கும் போயாச்சு. நாளைக்குத் தோத்தா சிவப்பு ஒட்டணும், யார் கையெழுத்துப் போடறது? 1950-லே நம்ம தேசம் என்ன பண்ணித்து? போகலை. இன்னிக்கும் அதைத்தானே பெருமையாச் சொல்லிண்டிருக்கோம்."

 அந்த வரியைப் பச்சையாக்கியதே நான்தான். வெட்கமாக இருந்தது.

ஆனால் நிர்வாகம் இரக்கமற்றதல்ல. திங்கட்கிழமை பேச்சிராஜுக்கு, கம்பெனி முத்திரையோடு சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டது: 'மேற்படி தொழிலாளர் நிரந்தரப் பணிக்கு முழுத் தகுதி பெற்றவர் என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.' சேரும் தேதி எப்போது என்று கேட்டதற்கு, தகுதி வேறு, சேர்வது வேறு என்று விளக்கினார்கள். தட்டச்சு செய்தது நான்தான்.

ஆபீஸ் ஆள் ஒருவர் தன்னோடு வந்தால் பூமாரியின் அப்பா மதிப்பார் என்று பேச்சிராஜ் என்னைக் கெஞ்சினான். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பழம், பூவோடு குன்றத்தூருக்குப் போனோம். வெங்கடேசன் இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர், கடைசி நாள் வரைக்கும் கான்ட்ராக்ட். சான்றிதழை இரண்டு முறை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே பூமாரி கதவோரம் நிற்பது தெரிந்தது.

அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்ததால் நான் வாயைத் திறந்தேன். இது சாதாரண விஷயமில்லை, நம் நாடே 1950-ல் இப்படித்தான் தகுதி பெற்றது, ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, போகவில்லையே தவிர மற்றபடி எல்லாம் நிறைவாக நடந்தது என்று, சுவரில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சான்றிதழை மடிக்காமல் பேச்சிராஜ் கையிலேயே கொடுத்தார்.

"ரொம்ப சந்தோசம் தம்பி. நீ எங்க வூட்டு மாப்பிள்ளையா ஆவறதுக்கு முழுத் தகுதி பெற்றுட்டே. நானும் எழுதித் தரேன். கல்யாணத்துக்கு மட்டும் வர வேணாம்."

கதவோரத்தில் வளையல் சத்தம் கேட்டது, பிறகு உள்ளே போகிற காலடி. பஸ்ஸில் திரும்பும்போது பேச்சிராஜ் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.  கால் கொப்புளம் ஆறிவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

திங்கட்கிழமை திருநாராயணன் சார் போன காரியம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். தொழிலாளர் நலன் என்று பலகையில் ஒரு வரி காலியாக இருக்கிறதாம், இயக்குநர் மறுபடி வருகிறாராம். நடந்ததை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தகுதி பெற்றானா இல்லையா?"

"பெற்றான் சார்."

என் மேஜை டிராயரில் சிவப்பு ஸ்டிக்கர் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். அதே டிராயரில் என் பதவி உயர்வுக் கடிதமும் இருந்தது, அன்று காலைதான் வந்திருந்தது: 'மேற்படி அலுவலர் பதவி உயர்வுக்கு முழுத் தகுதி பெற்றவர் என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.' பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். கேன்டீனுக்குப் போய், நாலு பேர் பார்க்க, அந்தக் காலி வரியில் பேச்சிராஜ் பெயரை எழுதி எதிரே ஒரு பச்சை ஒட்டினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதி இன்னொரு பச்சை ஒட்டினேன்.