குருமனையின் ஒன்பதாவது ஜன்னல்

குருமனை, லிட்டில் வென்பி,
12 மே, 1966

என் அருமை மருமகன் கிளெமெண்ட்டுக்கு, அத்தை ஹெஸ்டர் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் போதகர் டாப்லி ஐயாவும் சுகம். ஐயாவுக்கு இருமல் மட்டும் இருக்கிறது. லண்டனில் இருக்கும் உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், நீ கோயிலுக்குப் போவதற்காகவும் சேர்த்து.

சங்கதி என்னவென்றால், போதகர் குடியிருக்கிற இந்தக் குருமனையை விற்றுவிட்டு எங்களை பஸ் நிறுத்தத்துப் புது வீட்டுக்கு அனுப்ப திருமண்டல ஆபீஸில் ஒரு பேச்சு. அதுக்கு முன்னால கட்டடத்தைப் பார்க்க கிரேவ்ஸ்னு ஒரு பெரிய மனுஷரை ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய் அனுப்பினாங்க. அவர் ‘அபூர்வமான கட்டடம்’னு எழுதிட்டா விற்க முடியாது. ஐயாவுக்குச் சமைச்சுப் போட வேலைக்கு வந்ததுலேர்ந்து இருபத்திரண்டு வருஷமா நான் கூட்டிப் பெருக்கற வீடுடா இது. ஜார்ஜ் ராஜாக்கள் காலத்துச் செங்கல். நடுவுல கதவு, அதுக்கு மேல விசிறி விரிச்ச மாதிரி கண்ணாடி, இந்தப் பக்கம் என்ன உண்டோ அந்தப் பக்கமும் அதே. கீழே நாலு ஜன்னல், மேலே அஞ்சு. அதுல மேல இடது கோடி ஜன்னல் பொய். அங்கே சமையலறைப் புகைபோக்கி போகுது, ஜன்னல் வைக்க முடியாது. அதுக்காக வீட்டு முகம் கோணலா இருக்கலாமா? கட்டினவர் சுவத்துலேயே கறுப்புல கண்ணாடியும் வெள்ளையில சட்டமும் வரைஞ்சுட்டார். வருஷா வருஷம் ஏணி போட்டு அதுக்கு பெயிண்ட் அடிக்கிறது நான்தான்.

இந்தத் தடவை மத்த எட்டையும் வினிகர் போட்டுத் துடைச்சதுல அது மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. உங்கப்பா படகுக்குன்னு என் கொட்டகையில வச்சிருந்த வார்னிஷை எடுத்து ரெண்டு தடவை பூசினேன். காக்கா வந்து முகம் பார்த்துட்டுப் போச்சு, அப்படிப் பளபளப்பு. ஆனா மூணு நாள் மழை, காயவே இல்லை.

கிரேவ்ஸ் வெளியில எண்ணினா ஒன்பது, உள்ளே எண்ணினா எட்டு. மாடிக்கும் தோட்டத்துக்குமா மூணு தடவை நடந்தார். ஐயா வாயைத் திறக்கப் போனார். கையில டீயைக் கொடுத்துட்டேன். பொய் சொன்னாத்தானே பாவம். கடைசியில, “அந்த அறையைப் பூட்டி வச்சிருக்கீங்களாம்மா?”ன்னார். “அங்கே அறையே இல்லைங்க”ன்னு உண்மையைத்தான் சொன்னேன். நம்பலை. என் ஏணியிலேயே ஏறி, ஜன்னலை மேலே தூக்கறதுக்கு ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அழுத்தினார். ஒட்டிக்கிச்சு.

டர்பன்டைன் போட்டுத்தான் கையை எடுத்தோம். “முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், ஒரு சுவரு என்னை ஏமாத்தினது இல்லை. யாரு வரைஞ்சது?”ன்னார். “கட்டினவரு வரைஞ்சாரு, நான் முகம் கழுவி விடறேன்”னேன். அதுக்கப்புறம் கேக் மூணு துண்டு சாப்பிட்டார்.

இன்னைக்குக் காலைத் தபால்ல முடிவு வந்துடுச்சு: அபூர்வமான கட்டடம், விற்கக் கூடாது. ‘புது வீடு குளிருக்குக் கதகதப்பா இருக்கும் அத்தை’ன்னு எழுதியிருந்தியே, அந்தக் கடிதத்தை மடிச்சு, காத்துல ஆடற ஜன்னலுக்கு அண்டக் கொடுத்திருக்கேன்.

கர்த்தர் உன்னை எல்லாப் பக்கமும் சமமா ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தை ஹெஸ்டர்

பி.கு.: காலையில வந்த முடிவோட ரெண்டாவது பக்கத்தை ஐயா இப்பத்தான் படிச்சார். இவ்வளவு அபூர்வமான கட்டடத்துல அடுப்பு எரிக்கறதும் ஆள் குடியிருக்கறதும் கூடாதாம். வர்ற மாசம் நாங்க பஸ் நிறுத்தத்துப் புது வீட்டுக்குப் போறோம். அந்த வீட்டைப் பார்த்திருக்கேன்: கதவுக்கு வலது பக்கம் ரெண்டு ஜன்னல், இடது பக்கம் ஒண்ணு. வரும்போது உங்கப்பாகிட்ட இன்னொரு டப்பா வார்னிஷ் வாங்கிட்டு வா.