முழுதாகப் போய்ச் சேர்ந்த படம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் இங்கே நலம். இணைய இணைப்பும் அதன் வழக்கப்படி உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் மகளும் அங்கே நலம்தானே?

உங்களைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம். அத்தையின் கண் ஸ்கேன் படத்தை நகரத்து மருத்துவர் வியாழக்கிழமைக்குள் பார்த்தால்தான் இந்த மாதம் அறுவைச் சிகிச்சை, இல்லையென்றால் அவர் வெளியூர் போய்த் திரும்ப மூன்று மாதம், அதற்குள் அவளுக்கு என் முகமே தெரியாமல் போய்விடும் ("அது ஒண்ணும் நஷ்டமில்ல" என்கிறாள்) என்பதால் திங்கட்கிழமையே அனுப்ப உட்கார்ந்தேன். கணினியில் இருந்த பழைய நிரல் படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும். 'வந்தது' என்ற பதில் அங்கிருந்து மெதுவாக வந்துகொண்டிருக்கும்போதே, துண்டு தொலைந்துவிட்டதென்று பதறி அதையே மறுபடி அனுப்பும், அதனால் வழி அடைத்துக்கொள்ளும், பதில் இன்னும் தாமதமாகும், அது இன்னும் பதறும். போதாததற்கு நானும் 'அனுப்பு' பொத்தானை ஒன்பது முறை அழுத்தினேன். பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் ஒரே அறிவிப்பை மும்மூன்று முறை சொன்னவன் நான், கைக்கும் அதே பழக்கம். பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "என்கிட்டயும் இப்படித்தானே? சாவி எங்கன்னு கேப்பீங்க, நான் யோசிச்சு வாயத் தெறக்கறதுக்குள்ள இன்னும் மூணு தடவை கேப்பீங்க, கடைசியில அது உங்க சட்டைப் பையிலயே இருக்கும்" என்றாள்.

அப்புறம்தான் நீங்கள் எழுதிக் கொடுத்த நிரலைப் போட்டேன். அடடா! பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறதென்று முதலில் அளந்து பார்க்கிறது. அவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் பொறுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் வராத துண்டை மட்டும் மறுபடி அனுப்புகிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளில் ஏழே ஏழுதான் இரண்டாம் முறை போயின. செவ்வாய் மதியம் 'முழுவதும் சேர்ந்தது' என்று வந்தது, அத்தை அழுதேவிட்டாள். நீங்கள் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்தபோது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொண்டதைப் பார்த்து, "ஆளு கொஞ்சம் மந்தம்" என்று அவளிடம் சொன்னேன். அதை இன்று முழு மனதோடு வாபஸ் வாங்குகிறேன். இந்தப் பொறுமையை எங்கே கற்றீர்கள், என் மகளோடு குடித்தனம் நடத்தியா?

நீங்கள் இருவரும் ஒரு துண்டும் குறையாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருத்துவர் கூப்பிட்டார். "படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு சார், ஒரு புள்ளி கூடக் குறையல. ஆனா இது யாரோட முழங்கால்?" என்னுடையதுதான், போன வருடம் எடுத்தது. "கண்ணு மங்கினது எனக்கா, உங்களுக்கா?" என்று அத்தை கேட்டாள். இன்று புதன். சரியான படம் இப்போது போய்க்கொண்டிருக்கிறது, நானூறு துண்டுகள் சேர்ந்துவிட்டன. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். நான் பொத்தானை அழுத்திவிடாமலிருக்க அத்தை என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.