வல்லரசின் குடற்போர்

வாழிய! வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியின் மாவீரன், எதிரணியார் உதைத்த பந்துகளை இருபதாண்டுக் காலம் மார்பில் தாங்கிய கோல்கீப்பர், வல்லரசு வாழிய! தொண்டைப்புண் விரைந்து ஆறவேண்டி, ஐந்து நாளுக்குரிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை இரண்டரை நாளில் விழுங்கிய அவன் வீரத்தையும், அதனால் நோய்க்கிருமிகளோடு குடலிற் குடியிருந்த நற்கிருமிச் சேனையும் மாண்டொழிய, பத்து நாளாய்க் கழிப்பறையே பாசறையான துயரத்தையும் என்னென்று பாடுவேன்! ஞாயிறு மாலை மூன்று மணிக்கு இறுதியாட்டம். வயிறு அடங்காமல் கோல் கம்பத்தின் கீழ் எவரால் நிற்க முடியும்?

"மாத்திரை நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா பழைய சோறு சாப்பிடுங்க, தேறிடும்" என்று கிளினிக் டாக்டர் டெபோரா அருள்வாக்கு மொழிந்தார்.

அவ்வாறே வியாழன் அந்தியில் சோற்றை நீரில் ஆழ்த்தி, கண்ணுக்குத் தெரியாப் புதுப்படையின் வரவை நோக்கியிருந்தான் வல்லரசு. வெள்ளியன்று முகர்ந்தான், புளிக்கவில்லை. மறுபடி ஊறவைத்தான், சனியன்றும் புளிக்கவில்லை. விசாரித்ததில் சதி வெளிப்பட்டது. குழாயில் சாக்கடை கலந்து வந்த நாள்முதல், கிருமிகுல காலனாகிய அவன் மனைவி கெங்கம்மா, தண்ணீர் டிரம்மில் குளோரின் மாத்திரையை ஒன்றுக்கு மூன்றாகப் போட்டு வந்திருக்கிறாள்.

"அடிப்பாவி, என் படையைப் பூரா காலி பண்ணிட்டியே!" என்று முழங்கினான் வல்லரசு.

"வூட்ல கிருமி வளக்கறேன்னு எவனாவது சொல்வானா? இன்னாய்யா மன்சன் நீ!" என்று எதிர்முழக்கம் செய்தாள் கெங்கம்மா.

நெஞ்சு கலங்காத வல்லரசு கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினான். ஞாயிறு காலை, ஆகா, குண்டான் புளித்தது! தவறிப்போன இரு நாட்களின் சேனையையும் ஒருசேரத் திரட்டக் கருதி, சின்ன வெங்காயம் துணைநிற்க, மூவருக்குரிய சோற்றையும் நீராகாரத்தையும் ஒற்றையாளாய் வென்று முடித்தான். நண்பகல் கடந்தும் வயிறு ஒரு முறைகூட முரசறையவில்லை. பெருமகிழ்ச்சியுற்ற வீரன் ஜெர்சி அணிந்து, கையுறை பூண்டு, இரண்டே நிமிடம் என்று பாயில் சாய்ந்தான்.

இரண்டரைக்கு அணித்தலைவன் ஷாரிக் வந்து கதவை இடித்தான். வாயிலை மறித்து நின்றாள் கெங்கம்மா, கண் கலங்க. "பத்து நாளா தூங்காத மன்சன். இன்னிக்குத்தான் கண்ண மூடிகினு கீறாரு. எயுப்பாத நைனா, போ."

வல்லரசு எழுந்தபோது மணி ஆறு. மேட்ச் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.