மூச்சைக் கழுவும் செம்புத் தகடு

காட்டுப்பாக்கம் கல்யாண மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் ஏதும் இல்லை. ஆனாலும் பூந்தமல்லி சாலை வரைக்கும் கூட்டம். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கியவர்கள்கூடச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படித்தவர்கள் அல்லவா, செருப்பு தொலையக் கூடாது என்று தெரிந்திருந்தது. புத்தியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மேடையில் வாயுபரமானந்த சுவாமி. கையில் ஒரு செம்புத் தகடு. பக்தர் அதன்மேல் ஊத வேண்டும். சுவாமி தண்ணீர் தெளிப்பார். தண்ணீர் பரவி ஒட்டிக்கொண்டால் மூச்சில் தோஷம், தகட்டுப் பூஜைக்குப் பணம் கட்ட வேண்டும். முத்து முத்தாக உருண்டு ஓடினால் தோஷம் போய்விட்டது. பணம் கட்டாத எவன் ஊதியும் தண்ணீர் உருண்டதே இல்லை என்பதுதான் அதிசயம்.

"கரியமில வாயுவ எரிபொருளா மாத்தலாம்னு விஞ்ஞானிங்க இப்பதான் சொல்றாங்க. அதுக்கும் செம்புத் தகடுதான். நம்ம சித்தருங்க அப்பவே செஞ்சு முடிச்சிட்டாங்க," என்றார் மைக்கில். கைதட்டல் காதைப் பிளந்தது. சித்தர்கள் பாவம், மறுப்பு அறிக்கை விட உயிரோடு இல்லை.

அம்பத்தூர் லேத் பட்டறைக் கோதண்டத்தின் முறை வந்தது. இழுப்பு நோய்க்காரர். போன வாரமே பூஜைக்குக் கட்டியாயிற்று. திணறித் திணறி ஊதினார். தண்ணீர் உருண்டது.

"குணமாயிடுச்சு. அந்த இன்ஹேலரத் தூக்கிப் போடு," என்றார் சுவாமி.

குணமானவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துணைக்கு வந்த பக்கத்து வீட்டு நிவேதிதா பதறிப்போனாள்.

"அக்கா, பையில இருக்கிற மருந்தக் குடுங்க. அவருக்கு உதடு நீலமாகுது."

"சும்மா இரு கண்ணு," என்றாள் கோதண்டத்தின் மனைவி பூங்காவனம். "மருந்து அடிச்சா தோஷம் திரும்பி வந்துடும்னு சாமி சொல்லிக்கீறாரு."

நிவேதிதா விறுவிறுவென்று மேடையேறித் தகட்டை எடுத்தாள். மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"சாமி, நீங்க ஊதுங்க."

சுவாமியின் முகம் செத்துவிட்டது. ஆனால் பக்தி சும்மா விடுமா? "ஊது சாமி, அந்தப் பொண்ணு மூஞ்சில கரியப் பூசு," என்று கூட்டமே அவரை நெருக்கியது. வேறு வழியின்றி ஊதினார். அவள் தண்ணீர் ஊற்றினாள். தகடு முழுக்கப் பரவி ஒட்டிக்கொண்டது.

"இன்னா மாமே, சாமிக்கே தோஷம் கீது?" என்றது ஒரு குரல்.

நிவேதிதா தகட்டை மறுபடி திருப்பினாள். யாரும் ஊதவில்லை. தண்ணீர் உருண்டோடியது.

"கரியமில வாயுவ மாத்துற வேலைதான் எங்க ஆராய்ச்சிக்கூடத்துல எனக்கு. தகட்டுல தண்ணி ஒட்டுறதும் ஒட்டாததும் மேல இருக்கிற பூச்சப் பொறுத்தது. ரொம்ப நனைஞ்சா வாயு தகட்டுக்கிட்டயே வராது, வேலை கெட்டுப்போகும். அதனால நாங்களும் தண்ணி ஒட்டாத பூச்சு பூசுறோம். ஆனா வாயுவ மாத்த மின்சாரம் வேணும், நிறைய வாயு வேணும். தோஷம்னு ஒண்ண நாங்க இதுவரைக்கும் பாத்ததில்ல. அக்கா, நீங்களே சுரண்டிப் பாருங்க."

பூங்காவனம் நகத்தால் சுரண்டினாள். மெழுகு வந்தது. மறுபக்கத்தை முகர்ந்தாள்.

"அடப்பாவி, இது புளி போட்டுத் தேச்சது. என் தாலிய அறுக்கப் பாத்தியேடா," என்றாள். இன்ஹேலரை எடுத்துப் புருஷன் வாயில் வைத்தாள். கோதண்டத்துக்கு மெல்ல மூச்சு திரும்பியது. அதற்குள் சுவாமி சமையற்கட்டு வழியாக மறைந்திருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் நிவேதிதாவிடம் பணிவாகக் கேட்டார்: "அப்ப ஒரிஜினல் தகடு எங்கம்மா கெடைக்கும்?"

தகட்டைத் திருப்பிப் பார்க்கப் பட்டப்படிப்பு எதற்கு, கை இருந்தால் போதாதா? அந்தக் கையைக் கும்பிட மட்டுமே வைத்திருந்தால், எவனாவது வந்து உங்கள் பையில் கைவிடத்தான் செய்வான்.