பஸ் ஸ்டாப்புக்காக ஒரு நடுநிலை மனு

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அவளுடைய வலது முழங்காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது இந்த வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டது. காலையில் அது என்ன மனநிலையில் எழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இருவரும் பேசவே ஆரம்பிக்கிறோம். அங்கே நீயும் தங்கச்சியும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போடவைக்க வேண்டும், உங்கள் பகுதி நகர மன்ற உறுப்பினரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறாய். "நகர மன்றச் செய்தி எழுதியே தலை நரைச்சவர் நீங்க அத்தான், உங்களுக்குத் தெரியாததா?" என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது உனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கம்பத்தைக் காணோம், அது நின்ற குழியில் சிமென்ட் பூசியிருந்தது. பயண நேரத்தைக் குறைப்பதற்காக ஸ்டாப்பை எடுத்துவிட்டதாகச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அடுத்த ஸ்டாப் மேட்டைத் தாண்டி, கார் ஒர்க்ஷாப்பைத் தாண்டி, சிக்னலுக்கும் அந்தப் பக்கம். உன் அக்காவோ பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலை மடக்கிப் பழக்கியாக வேண்டும். இப்போது விட்டால் கால் கட்டை மாதிரி இறுகிவிடும், பிறகு ஆண்டவனே வந்தாலும் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வாரம் போக முடியவில்லை. கால் இறுகத் தொடங்கியது. "எத்தனை உறுப்பினருங்களைப் பார்த்தவரு நீங்க. ஒரு ஸ்டாப்பைக் கேட்டு வாங்க முடியாதா?" என்றாள். நான் லேசாகச் சிரித்து, "ஒரு மனு போதும்" என்றேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மனு எழுதினேன் மச்சான். என் வாழ்நாளிலேயே நான் எழுதியவற்றில் அது நல்ல எழுத்து. ஆனால் என் பழைய செய்தி ஆசிரியரின் குரல் இன்னும் காதிலேயே குடியிருக்கிறதே. எதை எழுதிக் கொடுத்தாலும் "எதிர்த் தரப்பைக் கேட்டியா?" என்று தாளைத் திருப்பி வீசுவார். அந்தப் பழக்கத்தில் போக்குவரத்து அலுவலகத்துக்கு போன் போட்டு அவர்கள் தரப்பையும் விசாரித்தேன். ஸ்டாப்புகள் நெருக்கமாக இருந்ததால் பஸ் தாமதமானது, எடுத்த பிறகு நோயாளிகள் சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறார்கள், தெருமுனைக் கடைக்காரர்களும் நெரிசல் குறைந்ததென்று நிம்மதியாக இருக்கிறார்கள் என்று மூன்று பத்தி எழுதினேன். நம் தரப்புக்கு ஒரு பத்தி. அதிலும் சொந்த விஷயத்தை நுழைப்பது தொழில் தர்மம் இல்லை என்று, "அண்மையில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூதாட்டி ஒருவர்" என்று மட்டும் குறிப்பிட்டேன். உன் அக்கா வாங்கிப் படித்தாள்.

"மூதாட்டியா? யாரு மூதாட்டி?"

"செய்தி நடையில அப்படித்தான் எழுதுவோம்."

"அப்போ நீங்க யாரு? மூதாட்டியின் கணவர் எனக் கருதப்படும் நபரா?"

பதில் வந்தது. உறுப்பினர் அலுவலகத்திலிருந்து, முத்திரையோடு. நான் என் மனுவிலேயே தெளிவாக எடுத்துரைத்த காரணங்களால் ஸ்டாப்பை எடுத்தது சரியே என்றும், அந்த முடிவின் நியாயத்தை இவ்வளவு எளிமையாக அவர்களுடைய அதிகாரிகளே விளக்கியதில்லை என்றும், என்னைப் போன்ற பொறுப்புள்ள குடிமக்களே நகரத்தின் பலம் என்றும் எழுதியிருந்தது. உன் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "நீங்க யாருக்காக எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து, உறுப்பினர் நூலகக் கூடத்தில் மக்களைச் சந்திக்கிறார் என்று கேள்விப்பட்டு இருவருமாகப் போனோம். உள்ளே நுழைந்ததும் என் கால் தானாகவே என்னைப் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. என் முறை வந்தது. எழுந்தேன். "இந்த முடிவால் முதியவர்கள் பாதிக்கப்படுவது குறித்து உங்கள் கருத்து என்ன?" என்றேன். அவரிடம் கருத்து இருந்தது. நிறையவே இருந்தது. முதியவர்கள் நம் சொத்து என்றார், அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார், கூட்டம் கைதட்டியது. நான் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஸ்டாப்பைக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

பின்வரிசையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம். உன் அக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, அந்த மூதாட்டி நான்தான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எங்க தெருமுனையிலேர்ந்து புது ஸ்டாப் வரைக்கும் என்கூட ஒரு தடவை நடந்து வாங்க. நடந்த பிறகும் பழைய ஸ்டாப் வேண்டாம்னு சொன்னீங்கன்னா கேட்டுக்கறேன்."

"பார்க்கலாம்மா" என்று சிரித்தார் அவர்.

"பார்க்கலாம்னா எப்ப? திங்கக்கிழமையா, செவ்வாய்க்கிழமையா?"

கூடமே சிரித்தது. உதவியாளர் டைரியைத் திறந்தே ஆக வேண்டியதாயிற்று. நானும் இதையே எத்தனையோ உறுப்பினர்களிடம் கேட்டிருக்கிறேன். "காலவரையறை என்ன?" என்பேன், "விரைவில்" என்பார்கள், எழுதிக்கொண்டு வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை வந்தார். அரசியலுக்கு வருமுன் செருப்புக் கடை வைத்திருந்தவர் அவர், பேசும்போதுகூடப் பார்வை எதிரே நிற்பவரின் பாதத்தில்தான் இருக்கும். ஒர்க்ஷாப் வாசலில் நடைபாதை முழுக்கக் கார்கள், ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். இறங்கினோம். சிக்னலில் பாதி ரோடு கடப்பதற்குள் விளக்கு மாறிவிட்டது. லாரிக்காரர் ஒருவர் ஹாரனை அழுத்திக்கொண்டே, "பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். அது எனக்கா உறுப்பினருக்கா என்று தெரியவில்லை. இருவரும் பொதுவாக ஏற்றுக்கொண்டோம். நாங்கள் ஸ்டாப்பை எட்டுவதற்குள் பஸ் எங்களைக் கடந்து போய்விட்டது.

"அடுத்தது எப்பம்மா வரும்?"

"வந்தாத்தான் தெரியும்."

அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, உங்க செருப்பு ஒரு சைஸ் பெரிசு. உள்ளே கால் வழுக்குது, அதான் முழங்கால்ல பாரம் விழுது" என்றார்.

"செருப்பு கிடக்கட்டும். ஸ்டாப்பைச் சொல்லுங்க."

அன்றைக்கே கிடைத்துவிடவில்லை. போக்குவரத்து எஞ்சினியர் பார்க்க வேண்டும் என்றார்கள். அவரையும் நடத்திக் கூட்டிப்போனாள். பிறகு நகர மன்றப் போக்குவரத்துக் குழு உறுப்பினர்கள், ஒவ்வொருவராக. "ரெண்டு பேரா வந்தா அவங்களுக்குள்ளேயே பேசிக்குவாங்க, ரோட்டைப் பார்க்க மாட்டாங்க" என்பது அவள் கட்சி. எதிர்வீட்டுத் தையல்காரரும் பக்கத்து வீட்டு டைப்பிங் டீச்சரும் துணைக்குச் சேர்ந்துகொண்டார்கள். நடந்து வந்த ஒவ்வொருவருக்கும் மறுநாள் போன் போட்டு நன்றி சொன்னாள், அப்படியே "எப்ப?" என்றும் கேட்டாள். இந்தப் போராட்டத்தில் என் பங்கு, தண்ணீர் பாட்டில் தூக்கி வந்தது.

கம்பம் திரும்ப வந்துவிட்டது, மச்சான். ஒரு நிபந்தனையோடு. கொஞ்ச காலத்துக்குச் சோதனை முறை. ஏறுவதற்கு ஆள் இல்லையென்றால் நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள்.

ஆகவே நீ மனுவை நீட்டாதே. வெள்ளைக் கோட்டைத் தவிர வேறு எதையும் கேட்காதே. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு உறுப்பினரை வரவழைத்து, பாப்பாவின் கையை அவர் கையில் கொடுத்து ரோட்டைக் கடக்கச் சொல். எப்ப என்று கேள். வந்தால் நன்றி சொல், மறுபடியும் எப்ப என்று கேள். எதிர்த் தரப்பை நீ சொல்லாதே, அதற்கு அவர் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்.

பாப்பாவுக்கு என் ஆசிகள், நன்றாகப் படித்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கட்டும். தங்கச்சிக்கு என் அன்பு. உன் அக்கா சொல்லச் சொன்னது: "அத்தான் எழுதினதை மட்டும் நம்பி இறங்கிடாதே, எனக்கு ஒரு போன் பண்ணு."

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமலே பத்து நாள் வைத்திருந்துவிட்டேன், அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்காரர் உன் அக்காவின் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா பண்ணினீங்க? இனிமே இங்கே வர வேண்டாம், இதே மாதிரி நடங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். உறுப்பினர்களை நடத்திக் கூட்டிப்போனதில் முழங்கால் சரியாகியிருக்கிறது. எனக்குச் சொல்லாமல் செருப்பையும் மாற்றியிருக்கிறாள். இப்போது எங்கே போனாலும் நடைதான். தையல்காரருக்கும் டீச்சருக்கும்கூட நடை பிடித்துப்போய்விட்டது. பஸ் வந்து நின்றால் மூவரும் கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள். "ஆள் ஏறலேன்னா ஸ்டாப்பை எடுத்துடுவாங்க. நாளைக்கு இன்னொருத்தருக்கு முழங்கால் வலிக்கும். நீங்க ஏறுங்க" என்று எனக்கு உத்தரவு. அதனால் தினமும் காலையில் தெருமுனையில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறேன். இதையும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சிக்னலில் நிற்கிறோம். ஜன்னல் வழியே அடுத்த ஸ்டாப் தெரிகிறது. உன் அக்கா எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறாள்.