என் வாசலில் இறங்கிய கதிரைகள்

சாவு வீடுகளுக்கு உட்காரக் கதிரை அனுப்பும் தொழிலில் இருப்பவர்கள், சோதித்துப் பார்க்கக்கூடத் தங்கள் சொந்த முகவரியைக் கணினியில் போடக் கூடாது. எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

கண்டியில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஒரு மலர்ச்சாலைக்கு நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். (உறவினர்களிடம் 'பூக்கடைக் கணக்கு' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.) இறந்தவரின் பெயர், முகவரி, வேண்டிய கதிரை, சாவை அறிவிக்கும் வெள்ளைக்கொடி எல்லாம் ஒரே பதிவில் சேரும். எந்த விவரம் எந்த இடத்தில் என்ற அமைப்பு, நிரல்களுக்கு வெளியே தனிக் கோப்பில் இருந்தது. நிரல்கள் அதைக் கம்பைல் செய்யும்போது, அதாவது கணினியின் மொழிக்கு மாற்றும்போது மட்டுமே பார்த்துக்கொள்ளும். அமைப்பை மாற்றினால் எல்லா நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். தவறினால் பழைய நிரலில் இடம் காட்டும் பொயின்டர் பழைய இடத்தையே காட்டும். அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்காது.

முதலாளி, தகவல் தருபவரின் முகவரியும் வேண்டும் என்றார். இறந்தவரின் முகவரிக்கு முன்னால் அதைச் செருகினேன். யாரும் நிரப்பாமல் விட்டால் என் வீட்டு முகவரி தானாக விழும்படி, சோதனைக்காக வைத்தேன். (என்ன புத்தி!) நிரல்களை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கணவர் அழைத்தார். டெங்குவில் கிடந்த எங்கள் மகள் பவித்ராவுக்கு பிளேட்லெட் வெகுவாக இறங்கிவிட்டதாம். போட்டது போட்டபடி ஓடினேன். லொறிக்கு முகவரி அச்சிடும் நிரல் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

மறுநாள் மாற்றுடை எடுக்கக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்தேன். செத்துப்போயிருந்த போனைச் சார்ஜில் போட்டு நிமிர்ந்தால், வாசலில் எங்கள் மலர்ச்சாலை லொறி. புதிதாகச் சேர்ந்த சாரதி கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தான். வீதி முனையில் வெள்ளைக்கொடி ஏறிவிட்டது.

என்னிடம் சொல்ல வாய் வராமல் கணவர் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இறக்கிய கதிரையிலேயே உட்கார்ந்தேன். (துடைத்துத்தான் தந்தான்.)

பக்கத்து வீட்டு மெனிக்கே அக்கா அழுதபடி உள்ளே போய், இங்குள்ள சாவு வீட்டு வழக்கப்படி சுவரில் இருந்த படங்களைத் திருப்பி வைக்கத் தொடங்கினார். பவித்ராவின் பாடசாலைப் படத்தில் அவர் கை பட்டதும் கத்திவிட்டேன்.

"தொடாதீங்க."

சாரதி மெல்லப் பக்கத்தில் வந்தான். "அக்கா, ஐயாவ எத்தனை மணிக்குக் கொண்டு வர்றாங்க?"

"எந்த ஐயா?"

"செத்த ஐயாதான். எம்பது வயசு தாண்டின ஆளுன்னாங்களே. நீங்க மகளா?"

இன்னொரு வீட்டுச் சாவுக்கு அன்று நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அந்தப் பாவத்தை மகாவலி ஆற்றில் கழுவினாலும் போகாது.

போன் உயிர் பெற்றதும் கணவரை அழைத்தேன். "கொஞ்சம் ஏறியிருக்கு. கஞ்சி கேக்குறா. நீ ஏன் அழுவுற?" என்றார்.

தகவல் தந்தவரின் முகவரியை யாரும் நிரப்பவில்லை; பழைய நிரல் பார்த்த இடத்தில் என் முகவரி விழுந்து, அதுவே லொறிச் சீட்டில் அச்சாகியிருந்தது. தெல்தெனியவில் அந்த முதியவரின் வீட்டுக்கு வந்தவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதே லொறியில் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தகப்பனைப் பறிகொடுத்து நின்ற மகன் முழுவதையும் கேட்டார்.

"புள்ளைக்கு இப்ப எப்படிங்க?"

கதிரைகளை நானே இறக்கினேன்.

பவித்ரா இப்போது வேலைக்குப் போகிறாள். விருந்தாளி யார் வந்தாலும் 'நான் செத்த நாள்' என்று இந்தக் கதையைச் சொல்வாள், அப்பாவும் சேர்ந்துகொள்வார். வேலை முடிய நேரமானால் அழைப்பாள்: "அம்மா, லொறி வந்துச்சா? வரலைன்னா நான் வந்துக்கிட்டு இருக்கேன்."

பின்னால் அவளுடைய சிநேகிதிகள் சிரிப்பது கேட்கும். நான் ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான், "வா" என்பேன்.